கண்டுக்காம விட்ட கேம் எல்லாம் நல்ல கேம்தானா? (மேட் மேக்ஸ், ஆல்ஃபா புரோட்டகால், ஐஜிஐ)

சைடுகுவெஸ்ட்:

வணக்கம் மக்களே. எந்த கேமிங் குரூப்பைத் திறந்தாலும் "செம அண்டர்ரேட்டட் கேம், யாருமே கண்டுக்கல"ன்னு ஒரு போஸ்ட் கண்டிப்பா இருக்கும், கீழ பத்து பேர் ஆமா சாமி போட்டிருப்பாங்க, அதை நம்பி சேல்ல வாங்கி இன்ஸ்டால் பண்ணி உக்காந்தா கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிடும் இது சுமார் ரகம்னு. விக்காம போனதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ரிலீஸ் தேதி, விளம்பரம், கேமோட பேரு, என்ன வேணா இருக்கட்டும். அதையெல்லாம் ஓரங்கட்டிட்டு கேமை மட்டும் கையில எடுத்தா தேறுமா தேறாதாங்கறதுதான் என் கேள்வி.

பாலைவனத்துல கார் ஓட்டிச் சண்டை போடுற மேட் மேக்ஸையே எடுத்துக்குங்க. எல்லாரும் சொல்ற கதை ஒண்ணுதான், 2015 செப்டம்பர் 1, மெட்டல் கியர் சாலிட் 5 வந்த அதே நாள்ல இதுவும் வந்துச்சு, அதுல அமுங்கிப் போச்சு, பாவம். தேதி விஷயம் உண்மை. அந்தக் கார் விஷயமும் உண்மை, நான் மறுக்கவே இல்ல. ஓடிட்டு இருக்கும்போதே ஹார்பூனை (கயிறு கட்டுன ஈட்டி) விட்டு எதிரி வண்டியோட கதவைப் பிச்சு எறியணும், அடுத்த குறியில டிரைவரையே சீட்டுல இருந்து வெளிய இழுத்துப் போடணும், அந்த நிமிஷம் வேற எந்த கேம்லயும் கிடைக்கல எனக்கு. ஆனா கார்ல இருந்து இறங்குனா? கேம்புக்குள்ள போ, வர்றவனை அடி, ஸ்கிராப் பொறுக்கு, எண்ணெய் பம்பை வெடி, வெளிய வா. டாப் டாக்னு கேம்புக்குக் கேம்ப் ஒரு பாஸ் வருவான், பேரு மாறும், வேஷம் மாறும், ஃபைட் மாறாது. ஓடி வருவான், விலகு, முதுகுல போடு, மறுபடி ஓடி வருவான். மேப்ல பாதியைத் தாண்டுறதுக்குள்ள சலிச்சுப் போச்சு.

இதுக்கு நேர் எதிரா ஆல்ஃபா புரோட்டகால், 2010ல அப்சிடியன் பண்ணது. ரிவ்யூ எல்லாம் சுமாராதான் வந்துச்சு, செகா அடுத்த பாகமே வேணாம்னுடுச்சு. ஆனா அதை நான் அண்டர்ரேட்டட்னு அடிச்சுச் சொல்வேன், ஏன்னா நாம எடுக்குற முடிவுக்கு ஏத்த மாதிரி கதையை வளைக்கிற வேலையை இன்னிவரைக்கும் வேற யாரும் அந்த அளவுக்குப் பண்ணல.

உங்க பக்கம் எப்படி? எந்த கேமுக்கு உண்மையிலேயே அநியாயம் நடந்துச்சு, எது நாமளா தூக்கி வச்சு ஆடுறது? சும்மா பேரை மட்டும் போட்டுட்டுப் போகாம ஏன்னு சொல்லுங்க.


புழுதிப்புயல்:

ப்ரோ மேட் மேக்ஸ் விஷயத்துல உங்களோட நான் ஒத்துப்போகவே மாட்டேன். கேம்ப் திரும்பத் திரும்ப வருதுங்கறீங்க, சரி, அந்த வருஷங்கள்ல வந்த ஓபன் வேர்ல்ட்ல (பெரிய மேப்ல இஷ்டத்துக்குச் சுத்துற கேம்) எதுல வரல? ஃபார் க்ரைல அவுட்போஸ்ட், அசாசின்ஸ் க்ரீட்ல டவர், அதுக்கெல்லாம் எட்டு ஒன்பதுன்னு மார்க் போட்டவங்க இதுக்கு மட்டும் "ரிப்பிட்டிட்டிவ்"னு எழுதுனாங்க. அளவுகோல் ஒண்ணா இருக்கணும்ல?

அந்த உலகத்தைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, எனக்கு அதுதான் வருத்தம். அந்தப் பாலைவனம் சும்மா மணல் கொட்டி வச்ச இடம் இல்ல, வத்திப்போன கடலோட அடித்தரை. முதல் ஸ்ட்ராங்ஹோல்ட், அதாவது கோட்டை, ஜீட்டுங்கறவனோட கலங்கரை விளக்கம், பக்கத்துல எங்க பாத்தாலும் ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, ஆனா கலங்கரை விளக்கம் நிக்குது. கட்கேஷ்னு ஒருத்தன், கடல் ஒரு நாள் திரும்பி வரும்னு நம்பிக்கிட்டு தரைதட்டுன கப்பலை ரெடி பண்ணிட்டு உக்காந்திருப்பான். கேம் இதை யாரையும் விட்டு விளக்கம் சொல்ல வைக்காது, வண்டி ஓட்டிட்டுப் போனா நீங்களா பாத்துப் புரிஞ்சுக்க வேண்டியதுதான். மண்ணுக்குள்ள புதைஞ்ச ஏர்போர்ட்டுக்குள்ள இறங்குற மிஷன் இருக்கே, இருட்டுல டார்ச்சைப் பிடிச்சுட்டுப் போறது, அங்க ஆக்‌ஷனே கம்மி, ஆனா மொத்த கேம்லயும் எனக்குப் பிடிச்ச இடம் அதுதான்.

அப்புறம் புயல். தூரத்துல செவப்பா ஒரு சுவர் எழும்பி வரும், நீங்க பாட்டுக்கு ஸ்கிராப் பொறுக்கிட்டு இருப்பீங்க, திரும்பிப் பாத்தா கிட்ட வந்துடும், இடி விழும், தகரம் பறந்து வந்து வண்டியில அடிக்கும். பக்கத்துல கோட்டை இருந்தா ஓடிப்போய் ஒளிஞ்சுக்கலாம், இல்லன்னா புயல் கிளப்புற பெட்டிகளை ஹார்பூன்ல பிடிக்கலாம்னு உயிரைப் பணயம் வச்சு உள்ளயே வண்டி ஓட்டலாம். இதெல்லாம் சுமாரான கேம்ல வராது ப்ரோ.

பாஸ் ஃபைட் மோசம்தான், அதை ஒத்துக்குறேன். அதுக்காக மொத்தத்தையும் சுமார்னு தள்ளுறது தப்பு.


ஹேண்ட்லர்_மினா:

ஆல்ஃபா புரோட்டகாலை யாராவது பேசுனா உள்ள வராம இருக்க முடியாது என்னால.

விளையாடாதவங்களுக்கு: நீங்க மைக்கேல் தார்ட்டன்னு ஒரு உளவாளி. சவுதியில ஆரம்ப மிஷன் முடிஞ்சதும் ரோம், மாஸ்கோ, தைபே மூணும் திறந்துடும், எந்த வரிசையில வேணும்னாலும் போகலாம். பேசும்போது பதிலைத் தேர்ந்தெடுக்க டைமர் ஓடும், யோசிச்சு யோசிச்சு அழுத்த முடியாது, நிஜ வாழ்க்கையில பேச்சுக்கு நடுவுல எப்படி டக்குனு வாய்ல வருமோ அப்படித்தான். ஒரு தடவை சொன்னது சொன்னதுதான், பின்னாடி போய் மாத்த முடியாது.

இதுல முக்கியமானது, மத்த கேம்ல எல்லாரும் உங்களைப் பிடிக்கணும்னு நாம அலைவோம், பிடிச்சா பரிசு, பிடிக்கலன்னா நஷ்டம். இங்க ஒருத்தன் உங்களை வெறுத்தாலும் அதுல ஒரு லாபம் இருக்கும், அவன் கோவத்துல நிதானம் இழப்பான், வேற கதவு திறக்கும். ரோம்ல கடைசியில மேடிசனைக் காப்பாத்துறதா, மியூசியத்துல வெடிக்கப் போற குண்டைத் தடுக்குறதான்னு நிக்கணும், ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. நான் முதல் தடவை ரோமுக்குக் கடைசியா போனேன், ரெண்டாவது தடவை முதல்ல போனேன், ஆளுங்க பேசுறதே வேற மாதிரி இருந்துச்சு, அதுக்கு முன்னாடி ஊர்ல நான் என்ன பண்ணேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. முடிவுல யாருக்கு எதிரா சண்டை போடணும்னு இருக்கோ அந்த லேலண்ட் கிட்டயே வேலைக்குச் சேந்துக்கலாம். நாம எடுத்த முடிவுக்குக் கதை வளையும்னு அட்டையில எழுதி விக்கிற கேம்கள்ல பாதி இதுல கால்வாசி கூட செய்யாது.

குறை இருக்கு, மறைக்கல. பிசியில ஹேக்கிங் மினிகேம் கொடுமை. திரை முழுக்க எழுத்தும் எண்ணும் ஓடிட்டே இருக்கும், அசையாம நிக்கிற ரெண்டு கோடைக் கண்டுபிடிச்சு அது மேல கொண்டுபோய் வைக்கணும், ஒண்ணு கீபோர்டுல, இன்னொண்ணு மவுஸ்ல. அந்த மவுஸ் பக்கம் இருக்கே, நாம இந்தப் பக்கம் தள்ளுனா அது ரெண்டு கட்டம் தாண்டிப் போய் நிக்கும், நேரமும் ஓடிட்டு இருக்கும். கன்ட்ரோலர் இருந்தா தயவுசெஞ்சு அதுலயே விளையாடுங்க.

டிராய்கா பண்ண வேம்பயர் பிளட்லைன்ஸும் இதே சாதிதான். 2004 நவம்பர்ல ஹாஃப் லைஃப் 2 வந்த அன்னிக்கே வெளிய வந்துச்சு, பக் மயம், அடுத்த வருஷமே கம்பெனி மூடிட்டாங்க, ரசிகர்கள் போட்ட பேட்ச்ல இன்னும் உயிரோட இருக்கு. வீட்டுக்குள்ள பேய் இருக்குன்னு ஓஷன் ஹவுஸ் ஹோட்டலுக்கு அனுப்புவாங்களே, அதை விளையாடுனவங்களுக்கு நான் சொல்றது புரியும். அதே கேம்ல பின்னாடி வர்ற சாக்கடை லெவல் தாங்க முடியாது, அதுவும் நிஜம்.


லோட்அவுட்:

ஆல்ஃபா புரோட்டகால் ரசிகர்கள் யாரும் அடிக்க வராதீங்க, ஆனா இது ஷூட்டிங் இருக்க கேம், ஷூட்டிங் நல்லா இல்ல, அவ்வளவுதான். தலைக்கு நேரா குறி வச்சு அழுத்துனா தோட்டா பக்கத்துச் சுவர்ல போய் விழுது, ஏன்னா பிஸ்டல் ஸ்கில்ல இன்னும் பாயிண்ட் போடலையாம். சண்டை வேணாம்னு ஸ்டெல்த்துல (ஒளிஞ்சு போறது) பாயிண்ட் எல்லாத்தையும் போட்டு ஜாலியா வந்தவனை மாஸ்கோல பிரய்கோங்கற பாஸ் முன்னாடி தள்ளி விடுவாங்க, டிஸ்கோ லைட்டுக்கு நடுவுல கோகைனை உறிஞ்சிட்டு கத்தியோட ஓடி வருவான், நம்ம கிட்ட அவனைச் சமாளிக்க ஒண்ணுமே இருக்காது. உன் இஷ்டப்படி ஆளை உருவாக்குன்னு சொல்லிட்டு ஒரு வகை ஆளை மட்டும் கேமே தண்டிக்குது. வசனம் எவ்வளவு நல்லா இருந்தாலும் நான் பாதி நேரம் கையில துப்பாக்கியோடதான இருக்கேன்?

இன்னொரு விஷயமும் கவனிச்சேன். பாட்டு லைசென்ஸ் முடிஞ்சு போனதால 2019ல அதை ஸ்டீம்ல இருந்து தூக்குனாங்க, 2024ல ஜிஓஜிங்கற இன்னொரு கேம் கடையில திரும்ப வந்துச்சு. நடுவுல கிடைக்காம இருந்த அந்த வருஷங்கள்லதான் அதோட புகழ் ஏறுச்சு. வாங்க முடியாத பொருளுக்கு மவுசு கூடும், அது கேமோட தரம் ஆகாது.

அதோட ஒண்ணு, டைட்டன்ஃபால் 2, ப்ரே இதெல்லாம் இந்த லிஸ்ட்ல தயவுசெஞ்சு யாரும் சேக்காதீங்க. டைட்டன்ஃபால் 2 வந்தது 2016 அக்டோபர் 28, ஒரு வாரம் முன்னாடி பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் கழிச்சு கால் ஆஃப் ட்யூட்டி, நடுவுல மாட்டி நசுங்குச்சு. ஆனா ரிவ்யூ எல்லாம் அப்பவே நல்லா இருந்துச்சு, எஃபெக்ட் அண்ட் காஸ் லெவலை எல்லாரும் தலையில தூக்கி வச்சாங்க. மதிப்பெண் குறையல, விற்பனைதான் குறைஞ்சுது.


சைடுகுவெஸ்ட்:

@லோட்அவுட் டைட்டன்ஃபால் 2 பத்தி சொன்னது சரி, ஆனா ப்ரேயை அதோட சேக்காதீங்க. ப்ரேக்கு கேம் ரிவ்யூ ஓகே, ஆனா வாங்க வேண்டிய ஆளுக்கே அது என்ன கேம்னு போய்ச் சேரல. 2006ல அதே பேர்ல வேற ஒரு கேம் இருந்துச்சு, ரெண்டுக்கும் கதையில சம்பந்தமே கிடையாது, பழசுக்கு ரசிகனா இருந்தவனுக்கும் கோவம், புதுசா வந்தவனுக்கும் குழப்பம். ஆரம்பத்துல அபார்ட்மெண்ட்ல தூங்கி எழுந்து, ஜன்னல் வழியா ஊரைப் பாத்து, அந்தக் கண்ணாடியை ரெஞ்சால உடைச்சா வெளிய ஊரே இல்ல, எல்லாம் செட்டிங்னு தெரியுற இடம் ஒண்ணு போதும். அப்புறம் அந்த பொம்மை வில், ஆளை அடிக்கவே அடிக்காது, என்னடா இதைக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சா, பூட்டுன ரூமுக்குள்ள இருக்க கம்ப்யூட்டர் டச் ஸ்கிரீனை சின்ன ஓட்டை வழியா அந்த ரப்பர் அம்பால அழுத்திக் கதவைத் திறக்கலாம். யாரும் சொல்லித் தரல, நீங்களா யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். 2024 மே மாசம் இதைப் பண்ண ஆர்கேன் ஆஸ்டினையே மூடிட்டாங்க. அது எனக்கு இன்னும் ஆறல.

ஷூட்டிங் விஷயத்துல நீங்க சொல்ற பிரய்கோ ஃபைட் ஞாயமான குறை. ஆனா எனக்கு ஒரு கேம் எல்லாத்துலயும் அறுபது மார்க் வாங்குறதை விட ஒண்ணுல நூறும் மத்ததுல நாப்பதும் வாங்குறதுதான் மேல். சராசரி போட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்கும், ரிவ்யூ மார்க்கை எல்லாம் சேத்துச் சராசரி போடுற மெட்டாக்ரிட்டிக்ல வித்தியாசம் தெரியாது, விளையாடுறவனுக்குத் தெரியும்.

@புழுதிப்புயல் ஏர்போர்ட் மிஷன் நல்லா இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா அந்த மாதிரி மிஷன் கேம்ல இன்னும் எத்தனை இருந்துச்சு சொல்லுங்க? இடத்தை அவ்வளவு யோசிச்சுப் பண்ணவங்க அந்த இடத்துல என்ன செய்யணுங்கறதை யோசிக்கல.


பிரவுசிங்சென்டர்2003:

நம்ம ஊர்ல இருந்துட்டு ஐஜிஐ பத்திப் பேசாம இந்தத் திரெட் முடியக் கூடாது.

2000 டிசம்பர்ல வந்துச்சு, நார்வேல இன்னர்லூப்னு ஒரு கம்பெனி பண்ணது. வெளிநாட்டு ரிவ்யூ எல்லாம் சுமார்னு எழுதி முடிச்சிட்டாங்க, மிஷன் நடுவுல சேவ் இல்ல, மல்டிபிளேயர் இல்ல, எதிரிக்கு அறிவு கம்மி. இங்க தமிழ்நாட்டுல எந்த பிரவுசிங் சென்டருக்குள்ள போனாலும் வைஸ் சிட்டிக்குப் பக்கத்துல டெஸ்க்டாப்ல ஐஜிஐ ஐக்கான் இருக்கும். பசங்க மணிக்குக் காசு குடுத்து உக்காந்து, கடைசி ரூமுக்குக் கிட்ட வந்து செத்து, மிஷனை முதல்ல இருந்து ஆரம்பிச்சு, நேரம் முடிஞ்சு எழுந்து போனவங்க எத்தனை பேர். அப்படியும் மறுநாள் வந்து உக்காந்தாங்கன்னா சும்மாவா?

பழைய ஞாபகத்துல பேசுறேன்னு சொல்வீங்க, அதனால கேமைப் பத்தி மட்டும் சொல்றேன். இன்னர்லூப் அதுக்கு முன்னாடி ஜாயிண்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்னு விமான கேம் பண்ணாங்க, அந்த இன்ஜினை வச்சுத்தான் இதைக் கட்டுனாங்க. அதனாலதான் அந்தக் காலத்துல மத்த எஃப்பிஎஸ் (ஹீரோ கண்ணு வழியா பாத்துச் சுடுற கேம்) எல்லாம் காரிடார், கதவு, காரிடார்னு போயிட்டு இருந்தப்ப இதுல மலை உச்சியில நின்னு கீழ இருக்க மொத்த கேம்பையும் பைனாகுலர்ல பாக்க முடிஞ்சுது. மேப் கம்ப்யூட்டரைத் திறந்தா மேல இருந்து சாட்டிலைட் வியூ, ஜூம் பண்ணா கார்டு நடக்குறது தெரியும். எந்தப் பக்கம் வேலி, கேமராவை எந்த ரூம்ல ஆஃப் பண்ணணும், டவர்ல நிக்கிற ஸ்னைப்பரை முதல்ல தட்டலாமா வேணாமா, எல்லாம் நீங்களே பிளான் போடணும். ஃபார் க்ரை 2004ல வந்து இதே வேலையைப் பண்ணப்ப புரட்சின்னாங்க. சேவ் இல்லாததாலதான் ஒவ்வொரு அடியும் பயந்து பயந்து வச்சோம், அந்தப் பயம்தான் கேமே.


லோட்அவுட்:

தல ஐஜிஐ எனக்கும் உயிர்தான், ஆனா அந்த அலாரம் மேட்டரைச் சொல்லாம விட்டீங்களே. பாரக்ஸுக்குள்ள போய் ஒருத்தன் விடாம சுட்டுட்டு வெளிய வருவோம், அலாரம் அடிச்சா நாம இப்பதான் காலி பண்ண அதே கட்டடத்துல இருந்து புதுசா ஆள் ஓடி வருவான். இவ்வளவு நேரம் பைனாகுலர்ல பாத்து எண்ணி வச்சதுக்கு என்ன அர்த்தம்? பிளான் போட வைக்கிற கேம் பிளானை மதிக்கணும்ல. சேவ் பத்தியும் நான் ஒத்துக்க மாட்டேன், 2003ல ஐஜிஐ 2 பண்ணப்ப அவங்களே சேவ் குடுத்தாங்க, அளவோட குடுத்தாங்க, மல்டிபிளேயரும் வச்சாங்க. திறந்தவெளின்னு பாத்தா 2001ல ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட் இதைவிட எங்கயோ போயிடுச்சு. ஐஜிஐ அதுக்கு முன்னாடி வந்துச்சுங்கற பெருமை இருக்கு, அதைக் கண்டிப்பா குடுக்கணும், அதுக்கு மேல என்னால போக முடியல.


பிரவுசிங்சென்டர்2003:

@லோட்அவுட் அலாரம் அடிச்சாத்தான நண்பா ஆள் வருவான்? அடிக்க விடாம முடிக்கிறதுதான் பிளான். முதல்ல கேமராவை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் சத்தம் வராத எம்பி5ஐ எடுங்க, டிராகுனோவை அவசரத்துக்கு மட்டும் வச்சுக்குங்க. நம்ம பசங்க பாதிப் பேர் ஏகே-47 எடுத்துட்டு ரோட்டு வழியா உள்ள போனாங்க, அதுக்குக் கேமைக் குத்தம் சொன்னா எப்படி. ஃப்ளாஷ்பாயிண்ட் பெரிய கேம், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அது படையோட போற கேம், இதுல ஜோன்ஸ் தனியா போறான், காதுல ஆன்யா குரல் மட்டும்தான் துணை. அந்தத் தனிமையை ஃப்ளாஷ்பாயிண்ட் தரல.


ஃபுல்டேங்க்:

டேஸ் கானை யாருமே சொல்லலையே. 2019ல வந்துச்சு, மெட்டாக்ரிட்டிக் 71. ரிவ்யூ எழுதுறவங்க டெட்லைனுக்காக ஓட்டி முடிச்சிருப்பாங்கன்னு நான் நம்புறேன், ஏன்னா இந்த கேம் ஆரம்பத்துல மெதுவா போகும், பைக் பெட்ரோலுக்கே அலையணும், ஹீரோ டீக்கன் தனக்குத்தானே பேசிட்டே இருப்பான். ஆனா பின்னாடி சா மில்லுக்கு வருவீங்க பாருங்க, நூத்துக்கணக்குல ஃப்ரீக்கர் (ஜாம்பி மாதிரி) ஒரே நேரத்துல அருவி மாதிரி மேல வந்து விழும், எங்க குண்டு வைக்கலாம், எந்தச் சந்துக்குள்ள ஓடினா வேகம் குறையும், மொலட்டாவ் எத்தனை கையில இருக்குன்னு முன்னாடியே பாத்து வச்சுட்டுத்தான் இறங்கணும். இந்தக் கூட்டத்தைத்தான் ஹோர்டுன்னு சொல்வாங்க, அதுக்கு இணையா வேற கேம்ல பாத்ததில்ல. ரிலீஸ் அப்ப பக் நிறைய இருந்துச்சு, 2021ல பிசிக்கு வந்தப்ப நல்லா ஓடுச்சு, அதுக்குள்ள பேர் கெட்டுப்போச்சு.


சைடுகுவெஸ்ட்:

@ஃபுல்டேங்க் ஹோர்டு விஷயம் சரி ப்ரோ, ஆனா அது வர்றதுக்கு அவ்வளவு மணி நேரம் காக்க வைக்கிறது கேம் பண்ண தப்புதான, ரிவ்யூ எழுதுனவன் தப்பு எப்படி ஆகும்? நல்ல சரக்கைக் கடைசியில கொண்டுபோய் வச்சா பாதியில எழுந்து போறவனைக் குறை சொல்ல முடியாது. என் கணக்குல டேஸ் கானும் மேட் மேக்ஸும் ஒரே அலமாரி, ஒவ்வொண்ணுலயும் ஒரு பிரமாதமான விஷயம், அதைச் சுத்தி ரொம்பப் பெரிய மேப். ரெண்டையும் பாதியா சுருக்கியிருந்தா நாம இங்க வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்போம்.

ஐஜிஐல நான் பிரவுசிங்சென்டர் பக்கம். நாலு வருஷம் கழிச்சுப் பெரிய கேம் பண்ணதை அவங்க கையில இருந்த விமான இன்ஜினை வச்சுப் பண்ணிக் காட்டியிருக்காங்க, அந்த யோசனைக்கே மரியாதை குடுக்கணும்.


உடைஞ்சரோபோ:

பைனரி டொமைன் விளையாடுனவங்க யாராவது இருக்கீங்களா? 2012, செகா, யாகுஸா கேம் பண்ண அதே நாகோஷி டீம். 2080 டோக்கியோ, எதிரி எல்லாம் ரோபோ. அட்டையைப் பாத்தா கியர்ஸ் ஆஃப் வார் காப்பி மாதிரிதான் தெரியும், நானும் அப்படி நினைச்சுத்தான் எடுத்தேன். ஆனா அந்த ரோபோவைச் சுட்டா துண்டு துண்டா பிச்சுட்டுப் போகும், காலைச் சுட்டா தரையில தவழ்ந்து வந்து காலைப் பிடிக்கும், கையைச் சுட்டா துப்பாக்கி விழும், தலையைச் சுட்டா யாரு எதிரின்னு தெரியாம கூட இருக்க ரோபோவையே சுட ஆரம்பிக்கும். அதனால ஒவ்வொரு சண்டையிலயும் எங்க சுடணும்னு ஒரு முடிவு எடுக்கணும், சும்மா கவர்ல உக்காந்து தலை தலையா தட்டுறது இல்ல. கூட வர்ற ஆளுங்களுக்கு உங்க மேல நம்பிக்கை ஏறும் இறங்கும், குறுக்க வந்த பிக் போவைத் தெரியாம சுட்டுட்டா கூட திட்டுவான்.

மைக்ல பேசி ஆர்டர் குடுக்கலாம்னு விளம்பரம் பண்ணாங்க, அது தேறல, நாம பேசுறது அதுக்கு ஒண்ணுமே புரியாது. செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிட்டு பட்டன்லயே ஆர்டர் குடுங்க, கேம் அப்பதான் நிம்மதியா ஓடும்.


சைடுகுவெஸ்ட்:

@உடைஞ்சரோபோ பேரு கேள்விப்பட்டிருக்கேன், தொட்டதில்ல. தலையைச் சுட்டா ரோபோ அணி மாறும்னு சொன்னீங்களே, அதுக்காகவே விஷ்லிஸ்ட்ல போட்டுட்டேன். பிசியில கன்ட்ரோலர்லதான் விளையாடணுமா, இல்ல மவுஸ் கீபோர்டுல ஓகேவா?


உடைஞ்சரோபோ:

கன்ட்ரோலர் நண்பா. மவுஸ்ல மெனு எல்லாம் படுத்தி எடுக்கும். முதல் அரை மணி நேரம் ஹீரோ டேன் பேசுற ஜோக் எல்லாம் கடுப்பாதான் இருக்கும், ஃபிரெஞ்சு ரோபோ கெயின் டீம்ல சேர்ற வரைக்கும் பொறுங்க.